பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லம்: குடும்பத்தினர் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

பெருந்தொற்று ஒன்று பரவத் தொடங்கியதும், முதியோர் இல்லத்தில் பெற்றோரோ வாழ்க்கைத்துணையோ இருக்கும் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, அங்கே நோய் நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான். இந்த அச்சத்துக்குப் போதிய காரணம் உண்டு. 2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கிர்க்லாந்து நகரத்து இல்லம் ஒன்றில் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. மார்ச் 18ஆம் தேதிக்குள், அங்கு வசித்தவர்களில் 101 பேர், பணியாளர்களில் 50 பேர், பார்க்க வந்தவர்களில் 16 பேர் என அந்த ஒரே இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. தொற்றுக்கு ஆளான முதியோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உயிரிழந்தார். கனடாவில் முதல் அலையில் கோவிட்டால் இறந்தவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வசித்தவர்கள். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள், இத்தகைய இல்லங்களில் வசித்தோரும் பணிபுரிந்தோருமாக 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்துபோயினர்.

இந்த எண்களை நினைவூட்டுவது பயத்தைப் பெருக்குவதற்காக அன்று. அந்த ஆண்டுகளில் எந்த இல்லங்களில் பாதிப்பு அதிகமாக இருந்தது, எது பாதுகாப்பாக அமைந்தது, எது தேவையற்ற துன்பத்தைக் கொடுத்தது என்பவை இப்போது ஓரளவு தெளிவாகத் தெரிந்துள்ளன. அந்த அறிவைக் கொண்டு, ஒரு குடும்பம் இல்ல நிர்வாகத்திடம் எதைக் கேட்க வேண்டும், தன் பங்குக்கு எதைத் தயார்செய்ய வேண்டும், தொற்று வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்தால் எந்த வரிசையில் செயல்பட வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன். கேள்வி கேட்கும் குடும்பங்கள் உள்ள இல்லத்தில் குறைகள் சீக்கிரம் வெளிச்சத்துக்கு வருகின்றன என்பது என் உறுதியான நம்பிக்கை.

நோய் எந்த வழியாக உள்ளே வருகிறது

பெரும்பாலான முதியோர் வெளியே செல்வதில்லை. ஆகவே நோய்க்கிருமி அவர்களைத் தேடி வந்தாக வேண்டும். அது வரும் வழிகள் மூன்று: அன்றாடம் வீட்டுக்குப் போய்த் திரும்பும் பணியாளர்கள், பார்க்க வரும் உறவினர்கள், மருத்துவமனையிலிருந்து மாற்றப்படும் நோயாளிகள். சுற்றுவட்டாரத்தில் தொற்று எவ்வளவு பரவியிருக்கிறதோ அந்த அளவுக்கு அந்த வட்டாரத்து இல்லங்களிலும் அது நுழையும் வாய்ப்பு கூடியது என்பதை அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. அரசு வழங்கிய தர மதிப்பீட்டில் உயர்ந்த இடத்தில் இருந்த இல்லங்களும் இதிலிருந்து தப்பவில்லை. எனவே, இல்லத்தின் பெயரையும் கட்டடத்தின் பொலிவையும் வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. உங்கள் உறவினர் இருக்கும் பகுதியின் தொற்று நிலவரத்தை வாரந்தோறும் கவனித்து வாருங்கள். அது உயரத் தொடங்கும் முன்பே இல்லத்திடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டு முடித்திருக்க வேண்டும்.

அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும் நோய் பரவும் என்பது மற்றொரு கடினமான உண்மை. கிர்க்லாந்து அமைந்துள்ள அதே கிங் கவுண்டியில் (மாவட்டத்தில்), வேறோர் இல்லத்தில் 76 முதியோரைச் சோதித்தபோது 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 27 பேருக்குச் சோதனை நாளன்று எந்த அறிகுறியும் இல்லை, அந்த 27 பேரில் 24 பேருக்கு அறிகுறிகள் பிற்பாடுதான் தோன்றின. காய்ச்சல் உள்ளவரை மட்டும் விலக்கிவைத்தால் போதும் என்ற எண்ணம் அங்கே பொய்த்தது. இங்கிலாந்தில் 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதியோரைச் சோதனையோ தனிமைப்படுத்தலோ இன்றி மருத்துவமனைகளிலிருந்து இல்லங்களுக்கு மாற்ற வழிசெய்த அரசின் கொள்கை, அறிகுறியற்ற பரவலின் அபாயத்தைக் கருத்தில் கொள்ளத் தவறியதால் சட்டத்துக்குப் புறம்பானது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. மருத்துவமனையிலிருந்து புதிதாக வருவோரை இல்லம் எப்படி ஏற்கிறது, சோதிக்கிறதா, சில நாட்கள் தனியறையில் வைக்கிறதா என்று நீங்கள் கேட்பதற்கு இந்தத் தீர்ப்பே போதிய நியாயம் தரும்.

முதலில் பணியாளர்களைப் பற்றிக் கேளுங்கள்

குடும்பத்தினர் பெரும்பாலும் கிருமிநாசினி, தரைச் சுத்தம், நுழைவாயிலில் உடல் வெப்பம் பார்க்கும் கருவி ஆகியவற்றைப் பற்றியே முதலில் விசாரிக்கிறார்கள். அவை கண்ணுக்குத் தெரிபவை என்பதால் அப்படி நேர்கிறது. ஆனால் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: உடல்நலம் இல்லாத பணியாளர் வீட்டில் இருந்தால் அவருக்குச் சம்பளம் கிடைக்குமா?

இந்தக் கேள்வி உங்கள் உறவினரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒரு நாள் கூலி போனால் குடும்பச் செலவு தடுமாறும் நிலையில் உள்ள ஒருவர், தொண்டைக் கரகரப்பை மறைத்துக்கொண்டு பணிக்கு வருவதைக் குற்றமாகப் பார்க்க முடியாது. அந்த நிலையை உருவாக்கிய விதியைத்தான் மாற்ற வேண்டும். இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு நடந்த விவால்டி ஆய்வில், நோய்க்கால விடுப்புக்கு ஊதியம் கொடுத்த இல்லங்களில் முதியோரிடையே தொற்று குறைவாக இருந்ததும், முகவர் நிறுவனங்கள் வழியாக வந்துபோகும் தற்காலிகப் பணியாளர்களை அடிக்கடி பயன்படுத்திய இல்லங்களில் தொற்று அதிகமாக இருந்ததும் தெரியவந்தன.

அடுத்ததாக, பணியாளர்கள் ஒரே நேரத்தில் எத்தனை இல்லங்களில் வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். குறைந்த ஊதியத்தின் காரணமாகக் காலையில் ஓர் இல்லத்திலும் மாலையில் வேறோர் இல்லத்திலும் பணிபுரிவோர் பல நாடுகளில் உள்ளனர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2020 மார்ச் இறுதியிலேயே ஒருவர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. உங்கள் இல்லம் அமைந்துள்ள இடத்தில் அத்தகைய ஆணை இல்லாவிட்டாலும், பெருந்தொற்று முடியும் வரையிலாவது தன் பணியாளருக்கு முழுநேர வேலை கொடுத்து அவரை ஓரிடத்தில் நிறுத்த நிர்வாகத்தால் முடியும். அதற்குச் செலவாகும் என்று நிர்வாகம் சொன்னால், குடும்பங்கள் சேர்ந்து அந்தச் செலவில் பங்கேற்க முடியுமா என்று பேசுவதும் நியாயமான பேச்சுதான்.

மூன்றாவது கேள்வி ஆள்பலம் பற்றியது. பணியாளர்களில் பலர் ஒரே வாரத்தில் நோய்வாய்ப்பட்டால் யார் வருவார், அவருக்கு முதியோரின் பழக்கங்களும் மருந்துகளும் தெரியுமா, இரவில் எத்தனை பேர் இருப்பார்கள்? தொற்றின் நேரடிப் பாதிப்பைப் போலவே, தண்ணீர் கொடுக்கவும் ஊட்டிவிடவும் ஆள் இல்லாமல் போவதும் உயிரைப் பறிக்கக்கூடியது. ஒன்டாரியோ மாகாணத்தின் சில இல்லங்களுக்கு உதவ அனுப்பப்பட்ட கனடிய ராணுவத்தினர், முதியோர் அழுக்கான நிலையில் நெடுநேரம் விடப்பட்டிருந்ததையும் உணவூட்டுவதில் நேர்ந்த குறைகளையும் 2020 மே மாதம் அறிக்கையாக அளித்தனர். ஆள்பலத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதை வாங்கிப் படியுங்கள்.

அடுத்து காற்றையும் அறையையும் பாருங்கள்

கொரோனா முதன்மையாக மூச்சின் வழியாக, காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. இந்த உண்மை பொதுவில் ஏற்கப்படுவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் மேசைகளையும் கைப்பிடிகளையும் துடைப்பதில் காட்டிய அக்கறை சன்னல்களைத் திறப்பதில் காட்டப்படவில்லை. புதிய நோய் ஒன்று வரும்போது அது எவ்வழியில் பரவுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுவாச நோய் என்றால், காற்றில் பரவாது என்று திட்டவட்டமாக நிரூபிக்கப்படும் வரை காற்றில் பரவும் என்றே வைத்துக்கொண்டு நடப்பது பாதுகாப்பானது.

இல்லத்துக்குச் செல்லும்போது உணவுக்கூடம், தொலைக்காட்சி அறை, பணியாளர் ஓய்வறை ஆகிய மூன்றையும் பாருங்கள். கடைசியாகச் சொன்ன அறையை யாரும் பார்வையாளருக்குக் காட்டுவதில்லை. ஆனால் நாள் முழுவதும் முகக்கவசம் அணிந்திருக்கும் பணியாளர்கள் அதைக் கழற்றிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து உண்பது அங்கேதான். அந்த அறைக்குச் சன்னல் உண்டா, ஒரே வேளையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். மின்விசிறியும், அறைக்குள் பொருத்தப்படும் சாதாரண ஏசியும் உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுபவை. அவை வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையின் காற்று மணிக்கு 5 முறையாவது தூய்மையாக மாற வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023ஆம் ஆண்டில் பொதுக் கட்டடங்களுக்குச் சொன்ன குறிக்கோள். சன்னல் திறக்க இயலாத இடத்தில், அறையின் அளவுக்குப் போதுமான, மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள காற்றுத் தூய்மிப்பான் பெருமளவு உதவும்.

காற்றோட்டத்தை அளக்க எளிய வழி கார்பன் டை ஆக்சைடு அளவி. திறந்த வெளியில் இதன் அளவு ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு). ஆட்கள் நிறைந்த உணவுக்கூடத்தில் 800க்குள் இருந்தால் காற்று நன்றாக மாறுகிறது என்று கொள்ளலாம். 1,500, 2,000 என்று ஏறினால் ஒருவர் வெளியிட்ட மூச்சை மற்றவர்கள் உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கையடக்கமான இந்தக் கருவியைச் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கி இல்லத்துக்குக் கொடுக்கலாம். காற்றுத் தூய்மிப்பான் கிருமிகளை வடிகட்டினாலும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. ஆகவே தூய்மிப்பான் இயங்கும் அறையில் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அறையில் எத்தனை பேர் என்பதும் முக்கியமானது. ஒன்டாரியோவின் இல்லங்களை ஒப்பிட்ட ஆய்வில், நெரிசல் மிகுந்த இல்லங்களில் தொற்றும் இறப்பும் நெரிசல் குறைந்தவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. நால்வர் அறையில் உங்கள் உறவினர் இருந்தால், தொற்று தொடங்கும் முன்பே இருவர் அறைக்கோ தனியறைக்கோ மாற்ற இயலுமா என்று கேட்பது தவறில்லை. மாற்ற முடியாத நிலையில், கட்டில்களின் இடைவெளி, தனிக் கழிப்பறை, நோயுற்றவரை மாற்றுவதற்கென ஒதுக்கப்பட்ட அறை ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கை கழுவுவதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பணியாளர் ஒருவரைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடும் முன் கையைத் தூய்மை செய்வது எந்தக் காலத்திலும் தேவையானது; குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட கிருமிநாசினி பெரும்பாலான சுவாச வைரஸ்களுக்குப் போதும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸுக்கு அது போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

எப்படிக் கேட்பது

கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எழுத்தில் கேட்கும்போது ஒருவர் உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே நேரத்தில் இருபது கேள்விகளை அடுக்காமல், பணியாளர், காற்று, சோதனை, தகவல் ஆகிய நான்கைப் பற்றி மட்டும் முதல் கடிதத்தில் கேளுங்கள். தொற்று கண்டறியப்பட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் குடும்பத்துக்குச் சொல்வார்கள், யார் சொல்வார், இரவில் யாரை அழைப்பது என்பவற்றுக்கு விடை பெறாமல் விடாதீர்கள்.

கடிதத்தின் தொனி மரியாதையாக இருக்கட்டும். உங்கள் தாயைக் குளிப்பாட்டி உணவூட்டும் பெண்மணியும் தன் வீட்டுக்கு நோயைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற அச்சத்தோடுதான் வேலைக்கு வருகிறார். அவரைச் சந்தேகிக்கும் சொல் ஒன்றுகூடக் கடிதத்தில் இருக்கக் கூடாது. அதே இல்லத்தில் உறவினர் உள்ள மற்றக் குடும்பங்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்து, பொதுவான கேள்விகளை ஒருவர் வழியாக அனுப்பினால் ஒரே பதிலைப் பத்து முறை சொல்லும் சுமை பணியாளர்களுக்கு இராது. உறுதிப்படுத்தப்படாத செய்திகளை அந்தக் குழுவில் பகிர்வதில்லை என்று முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்; ஒரு வதந்தி பரவினால் அதை மறுக்கும் வேலை, நோயாளிகளைக் கவனிக்க வேண்டிய ஒருவரின் தலையில்தான் விழும்.

முன்கூட்டியே தயார்செய்ய வேண்டியவை

தடுப்பூசி இருக்குமானால் அதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒமைக்ரான் அலை வீசியபோது இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். அவர்களில் பலர் தடுப்பூசி போடாதவர்கள், கணிசமானோர் பராமரிப்பு இல்லங்களில் வசித்தவர்கள். முதுமையில் தடுப்பூசி தரும் பாதுகாப்பு விரைவாகத் தேய்வதால், அடுத்த தவணைக்கான நாளைக் குடும்பமே குறித்துவைத்துக் கேட்க வேண்டும். தளர்ந்துபோனவருக்கு ஊசி ஆகாது என்று சிலர் தயங்குகிறார்கள். தளர்ந்தவருக்குத்தான் நோயின் ஆபத்து அதிகம்; ஐயம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள், தயக்கத்திலேயே நாட்களைக் கடத்தாதீர்கள். பணியாளர்களும், பார்க்கச் செல்லும் நீங்களும் போட்டுக்கொள்வதும் இதே அளவுக்கு முக்கியம்.

பிறகு ஒரு தாளில், உங்கள் உறவினர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அளவோடு எழுதுங்கள். கோவிட்டுக்குத் தரப்படும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தோன்றிய 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். ஆனால் அது ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் சில மருந்துகளோடும், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும், இதயத் துடிப்பைச் சீராக்கும் சில மருந்துகளோடும் சேர்ந்தால் ஆபத்தானது. பட்டியல் கையில் இருந்தால் மருத்துவர் சில நிமிடங்களில் முடிவெடுப்பார். இல்லாவிட்டால் அந்த ஐந்து நாட்களில் இரண்டு, மூன்று நாட்கள் தேடுவதிலேயே போய்விடும். அதே தாளில் ஒவ்வாமைகள், வழக்கமான உடல் வெப்பம், வழக்கமான ஆக்சிஜன் அளவு, கேட்கும் கருவி உண்டா, எந்த மொழியில் பேசினால் புரியும், பயந்தால் எதைச் சொல்லி அமைதிப்படுத்தலாம் என்பவற்றையும் எழுதுங்கள். புதிதாக வரும் தற்காலிகப் பணியாளருக்கு இந்தத் தாள் பேருதவி.

இன்னொரு பேச்சும் உண்டு. அதைத் தள்ளிப்போடவே எல்லோருக்கும் மனம் வரும். நிலைமை மோசமானால் மருத்துவமனைக்குச் செல்ல விரும்புகிறாரா, செயற்கைச் சுவாசக் கருவியை ஏற்பாரா, தம்மால் சொல்ல முடியாத நிலையில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை அவரிடமே, அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் கேளுங்கள். அவர் சொன்னதை எழுதி, அவருடைய மருத்துவரிடமும் இல்லத்திடமும் கொடுங்கள். இது நீங்களே அவருக்காக எடுக்கும் முடிவாக இல்லாமல் அவருடைய விருப்பமாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். இல்லம் தானாகவே எல்லோருக்கும் ஒரே முடிவை எழுதிவைத்திருந்தால் அதை எதிர்த்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

முதியவரிடம் நோயை அடையாளம் காணுதல்

வயதானவரிடம் தொற்று, காய்ச்சலும் இருமலுமாகவே வெளிப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. திடீரென மனம் குழம்புவது, வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குவது, சாப்பிட மறுப்பது, காரணமின்றி விழுவது, நேற்று வரை நடந்தவர் இன்று எழுந்து நிற்க முடியாமல் போவது ஆகியவையே பலருக்கு முதல் அறிகுறிகள். உடல் வெப்பமும் அவ்வளவாக ஏறாது. பராமரிப்பு இல்லத்தில் உள்ளவர்களுக்கு 37.8 டிகிரி செல்சியஸை ஒரு முறை தாண்டினாலே, அல்லது அவருடைய வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி கூடினாலே காய்ச்சலாகக் கருத வேண்டும் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. வழக்கமான அளவு எதுவெனத் தெரிந்திருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பயனுள்ள கருவி. மூச்சுத் திணறலை உணராமலேயே சிலருக்கு ஆக்சிஜன் குறைந்துவிடுவதுண்டு. கருமையான தோல் உள்ளவர்களிடம் இக்கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஒற்றை எண்ணைவிட, நாளுக்கு நாள் அது எப்படி இறங்குகிறது என்பதே அதிகம் சொல்லும். தொலைபேசியில் அன்றாடம் பேசும் மகளோ பேரனோ "இன்று குரல் வேறு மாதிரி இருக்கிறது" என்று உணர்ந்தால், அதைச் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும்; பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த அந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பார்க்கச் செல்வதும், செல்ல முடியாதபோதும்

2020 மார்ச் மாதம் பல நாடுகளில் இல்லங்களின் கதவுகள் உறவினர்களுக்கு அடைக்கப்பட்டன. அமெரிக்காவில் அந்த ஆணை மார்ச் 13 அன்று வந்து, செப்டம்பர் நடுப்பகுதியில்தான் தளர்த்தப்பட்டது. நோயைப் பற்றி எதுவும் தெரியாத முதல் வாரங்களில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆனால் மாதக்கணக்கில் நீண்டபோது, முதியோர் எடை இழந்தனர், பேச்சைக் குறைத்தனர், மறதிநோய் உள்ளவர்கள் தம் பிள்ளைகளின் முகத்தையே மறந்தனர். பலர் கைபிடிக்க ஒருவரும் இல்லாமல் இறந்தனர். இந்தத் துன்பத்தையும் நோயின் பாதிப்போடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. நெதர்லாந்தில் 2020 மே 11 முதல் 26 இல்லங்களில், விதிமுறைகளோடு ஒரு முதியவருக்கு ஒரு பார்வையாளரை அனுமதித்துப் பார்த்தார்கள். அந்தத் தொடக்க வாரங்களில் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை, முதியோரின் மனநிலையும் மேம்பட்டது.

ஆகவே, கதவடைப்பு வரும் முன்பே, குடும்பத்தில் ஒருவரை இன்றியமையாத பராமரிப்பாளராக இல்லம் ஏற்குமா என்று கேளுங்கள். பணியாளருக்குரிய அதே சோதனையும் முகக்கவசமும் பயிற்சியும் அவருக்கும் பொருந்தும் என்றால், அவரை உள்ளே விடுவதால் கூடும் ஆபத்து சிறிது. ஊட்டிவிடவும் நடக்கவைக்கவும் ஓர் ஆள் கிடைப்பதால் வரும் நன்மை பெரிது.

பார்க்கப் போகும் நாளில் இலேசான சளி இருந்தால்கூடப் போகாதீர்கள். அன்று காலை வீட்டிலேயே ஆன்டிஜென் சோதனை செய்துகொள்ளலாம். ஆனால் அது தொற்றின் தொடக்க நாட்களில் தவறவிடக்கூடும் என்பதால், சோதனையில் இல்லை என்று வந்தாலும் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். துணிக் கவசத்தைவிட, முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 போன்ற கவசமே பாதுகாப்பு தரும். இயன்றால் திறந்த வெளியில் சந்தியுங்கள். கவசம் உதட்டை மறைப்பதால் காது மந்தமானவர்கள் சிரமப்படுவார்கள். நிதானமாக, தாழ்ந்த சுருதியில், நேருக்கு நேர் பேசுங்கள். மறதிநோய் உள்ளவரிடம் உங்கள் பெயரையும் உறவையும் சொல்லி, கவசம் இல்லாத உங்கள் புகைப்படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது நல்ல பலன் தரும்.

கதவு மூடப்பட்டே தீரும் என்றால், காணொளி அழைப்புக்கு நிலையான நாளும் நேரமும் கேட்டுப் பெறுங்கள். அலைபேசியைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருப்பாரா என்றும் கேளுங்கள். இறுதித் தறுவாயில் உள்ளவரைக் காண அனுமதி மறுக்கப்பட மாட்டாது என்ற உறுதியை எழுத்தில் பெற்றுவைப்பது மிக அவசியம்.

தொற்று வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்தால்

முதல் நாளிலேயே நான்கு விவரங்களைக் கேளுங்கள்: தொற்று யாரிடம் கண்டறியப்பட்டது, அதாவது பணியாளரா வசிப்பவரா; உங்கள் உறவினர் அவரோடு ஒரே அறையிலோ ஒரே தளத்திலோ இருந்தாரா; எல்லோருக்கும் எப்போது சோதனை; நோயுற்றவர்களை யார் கவனிக்கிறார், அவரே மற்றவர்களையும் கவனிக்கிறாரா. தொற்றுக்கு ஆளானவரின் பெயரை இல்லம் சொல்லாது, சொல்லவும் கூடாது. அதற்காகச் சண்டையிட வேண்டாம். ஒரு முறை சோதித்துவிட்டு நிறுத்தினால் அது போதாது. தொற்றுக்குப் பிறகு சில நாட்கள் கழித்தே சோதனையில் தெரியும் என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைந்தது மூன்று முறை சோதிப்பது கோவிட்டுக்குப் பின்பற்றப்பட்ட நடைமுறை.

தொற்று இன்ஃப்ளூயன்சாவாக (ஃப்ளூ காய்ச்சலாக) இருந்தால், மருந்து நோய் வராமல் காக்கவும் செய்யும். 72 மணி நேரத்துக்குள் இருவர் நோயுற்று, அவர்களில் ஒருவருக்காவது இன்ஃப்ளூயன்சா உறுதியானால், அறிகுறி இல்லாதவர்களுக்கும் ஓசெல்டாமிவிர் தடுப்பு மருந்து தரலாம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். உங்கள் இல்லத்து மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

அடுத்த நாட்களில் அன்றாடம் கேட்க வேண்டியது மருந்தைவிட எளியது: எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சாப்பிட்டார், எழுந்து உட்கார்ந்தாரா? தனி அறையில் கதவு மூடியிருக்க, கவச உடையணிந்த ஒருவர் அவசரமாக வந்து போகும் சூழலில் முதலில் தவறுவது தண்ணீர்தான். குறித்த நேரத்தில் தண்ணீர் கொடுத்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அழைத்துவந்துவிடலாமா என்ற எண்ணம் இந்த நாட்களில் எழும். தொற்று தொடங்கிய பிறகு அழைத்துவந்தால், அவர் ஏற்கெனவே தொற்றுக்கு ஆளாகியிருந்து வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுக்க நேரலாம். தூக்கிவிட ஆள், குளியலறைக் கைப்பிடி, இரவில் கண்விழிக்கும் துணை, மருந்து கொடுக்கத் தெரிந்தவர், மருத்துவரை அடையும் வழி ஆகிய அனைத்தும் வீட்டில் இருந்தாலன்றி நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இருந்தால், பரவல் தொடங்கும் முன்பே அழைத்துவருவது நல்லது. திரும்பச் சேர்க்கும்போது அந்த இடம் அவருக்கே கிடைக்குமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதை முடிவு செய்தாலும் அவருடைய விருப்பத்தைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இல்லம் பதில் தர மறுத்தாலோ, உங்கள் உறவினர் கவனிப்பாரின்றிக் கிடக்கிறார் என்று தெரிந்தாலோ, உரிமம் வழங்கும் அரசு அமைப்புக்கும் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரத் துறைக்கும் தேதியும் நேரமும் குறித்து எழுதுங்கள். யாரிடம் எப்போது பேசினீர்கள் என்ற குறிப்பை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தால் உங்கள் புகாருக்கு வலு இருக்கும்.

தொற்று அடங்கியதாக அறிவிக்கப்பட்ட பிறகும் வேலை மீதம் உண்டு. படுக்கையில் கழிந்த ஒவ்வொரு வாரமும் முதியவரின் தசைவலுவைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. ஆகவே முதல் வாரத்திலேயே எடை பார்க்கச் சொல்லுங்கள், விழுங்குவதில் சிரமம் உண்டா என்று சோதிக்கச் சொல்லுங்கள், இயன்முறை மருத்துவர் வந்து நடக்கவைப்பதற்கு நாள் குறித்து வாங்குங்கள். முன்பு எத்தனை அடி தூரம் துணையின்றி நடந்தார் என்பதை அந்த மருத்துவரிடம் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவரே.